மகமைப் பணமும் முறைக்காரரும்

பொதுப்பணத்தைக் காக்க ஒரு தலைவரைத் தேடும்போது நம் கண் முதலில் போவது அவருடைய தகுதிப் பட்டியலின் மேல்தான். என்ன படித்தார், எங்கே பணி செய்தார், எவ்வளவு தொகையைக் கையாண்டார் என்று பார்க்கிறோம். தென்கொரியாவின் சோங்டோ நகரில் இயங்கும் பசுமைக் காலநிலை நிதியம் 2013-இலிருந்து 2023-க்குள் நான்கு நிர்வாக இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பம், தேர்வுக் குழு, நேர்காணல் என்று எல்லாம் முறைப்படி நடந்தன; வந்தவர்களும் தங்கள் துறையில் பெயர் பெற்றவர்கள். ஆனாலும் அந்த நிதியம் நடுவழியில் தடுமாறி நின்ற காலம் உண்டு. தகுதியில் குறையில்லாதவர் தலைமையில் ஒரு பொதுநிதி ஏன் தடுமாறுகிறது என்ற கேள்விக்கு விடை தேட விருதுநகர் வட்டாரம் பொருத்தமான இடம். சர்வதேச நிதியம் என்ற பேச்சே எழாத காலத்தில், அரசின் தயவை எதிர்பார்க்காமல், வியாபாரிகள் தாமே ஒரு பொதுநிதியைக் கட்டி, அதற்குப் பொறுப்பாளரை அமர்த்தி, மாற்றி, கணக்குக் கேட்ட பழக்கம் இங்கே வேரோடியிருந்தது. அந்தப் பழக்கம் எங்கே வென்றது, எங்கே தோற்றது என்று பார்த்தால், ஆளின் திறமையைவிட அவரை அமர்த்தும் கை யாருடையது, அவர் யார் முன்னால் கணக்கு வாசிக்கிறார் என்ற இரண்டும்தான் நிதியின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்று நான் கருதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வியாபாரிகள், இராமநாதபுரம், மதுரை வட்டாரங்களின் வண்டிப் பாதைகளில் சிறிது சிறிதாகக் குடியேறினார்கள். சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகியவை அவர்களுடைய ஆறு ஊர்கள். வழிப்பறி மிகுந்த பாதையில் இரவு வண்டியை அவிழ்த்துப்போடவும் சரக்கைப் பாதுகாக்கவும் சுற்றுச்சுவர் எழுப்பிய பேட்டைகளைக் கட்டினார்கள். பேட்டையைக் கட்டவும் காவல் வைக்கவும் பணம் வேண்டும். பேட்டையைப் பயன்படுத்திய வண்டிகளும் சரக்குகளும் ஒரு சிறு தொகை செலுத்தும் வழக்கம் வந்தது. பிறகு வியாபாரம் பெருகி மண்டிகள் எழுந்தபோது, விற்கிற சரக்கின் மேல் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு ஒதுக்குவது நிலைத்த முறையாயிற்று. இதுதான் மகமை. இதற்குச் சட்டம் கிடையாது, அரசாணை கிடையாது. ஊரில் குடும்பம் நடத்துகிற ஆண்கள் கூடிய உறவின்முறைதான் இதன் அதிகார அமைப்பு. செலுத்தாதவரை அபராதத்தாலும், முற்றினால் விலக்கிவைப்பதாலும் உறவின்முறை வழிக்குக் கொண்டுவந்தது. கொடை என்று இதைச் சொல்வது பொருந்தாது. ஒரு தொழில் தன்மேல் தானே போட்டுக்கொண்ட வரி இது.

இந்த வரியை வசூலித்துச் செலவழித்தவர்கள் முறைக்காரர்கள். முறை வைத்து மாறி மாறி அந்தப் பொறுப்பு வரும். இன்று பொறுப்பில் இருப்பவர் நாளை கூட்டத்தில் உட்கார்ந்து அடுத்தவரிடம் கணக்குக் கேட்பார். அவரும் மகமை கட்டுகிற வியாபாரிதான். அந்தப் பணத்தில் எழுந்த கிணற்றில்தான் அவர் வீட்டுக்கும் தண்ணீர், அந்தப் பள்ளியில்தான் அவர் பிள்ளைக்கும் படிப்பு. செலுத்துகிறவர், பயன்படுத்துகிறவர், பொறுப்பாளரை அமர்த்துகிறவர் என மூன்று பேரும் ஒரே கூட்டத்துக்குள் இருந்ததுதான் இந்த ஏற்பாட்டின் பலம். பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 1889-இல் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது; வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடியரிசியும் அதை வளர்த்தது. காமராஜர் படித்த பள்ளி அது. 1923-இல் ஊர் விருதுநகர் என்று பெயர் மாறியது. 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-இல் பெண்களுக்கான வன்னியப்பெருமாள் கல்லூரியும் வந்தன. மழை பொய்க்கும் கரிசல் பூமியில், பெரிய ஆறோ துறைமுகமோ இல்லாத ஓர் ஊர் பருப்புக்கும் வற்றலுக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லும் சந்தையாக எழுந்ததோடு, பள்ளிக்கூடங்களையும் கட்டிக்கொண்டது என்றால், அதற்குப் பின்னால் நம்பிக்கையோடு கைமாறிய ஒரு பணப்பெட்டி இருந்தது.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும். சாதிக்குள் அடங்கிய ஓர் ஏற்பாட்டை இன்றைய பொதுநிதிக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா? மறுப்பு நியாயமானது, அதை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது. உறவின்முறையின் இறுக்கம் அச்சத்திலிருந்து பிறந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்ட ஒரு சமூகம், 1899 ஜூனில் சிவகாசிக் கொள்ளையில் வீடுகளையும் உயிர்களையும் பறிகொடுத்த ஒரு சமூகம், தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வட்டத்தை இறுக்கிக்கொண்டது. ஆனால் காரணம் புரிகிறது என்பதால் வட்டத்துக்கு வெளியே நின்றவர்களை மறந்துவிட முடியாது. உறவின்முறைக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. மற்ற சாதிகளுக்கும், அதே ஊரின் சேரிக்கும் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை. பள்ளியின் கதவு எல்லோருக்கும் திறந்தது. பெட்டியின் சாவி அப்படிக் கைமாறவில்லை. நான் மகமையை எடுத்துக்கொள்வது அதன் வட்டத்துக்காக அல்ல. வட்டத்துக்குள் அது எப்படி இயங்கியது என்பதற்காக. வட்டத்தின் எல்லைதான் அதன் குறை என்பதை அடுத்து வந்த தொழிலே காட்டிக்கொடுத்தது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். கொண்டுவந்த இயந்திரம் தோதுப்படவில்லை. கையால் செய்யும் முறைக்கு மாறினார்கள். 1926-இல் இருவரும் பிரிந்து, அணில் என்றும் காக்கை என்றும் இரண்டு சின்னங்களோடு தனித்தனியே தொழிலைப் பெருக்கினார்கள். 1940-இன் வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்றுப் பட்டாசு தயாரிக்க வழி திறந்தன. போர்க்காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து அடைபட்டது; சிவகாசியின் வறண்ட காற்று மருந்து காய்வதற்கு ஏற்றதாக இருந்தது. மத்தாப்பில் தொடங்கிய தொழில் சில பத்தாண்டுகளில் இந்தியா முழுவதற்கும் பட்டாசு அனுப்பும் தொழிலானது. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் என்று ஆலைகள் பரவின. மகமைக் காலத்தின் கணக்கு இந்த இடத்தில்தான் உடைந்தது. மண்டி வியாபாரத்தில் நட்டம் வந்தால் நட்டப்பட்டவர் கூட்டத்துக்குள்ளேயே இருப்பார். பட்டாசில் மருந்து கலக்குகிறவரும், மணி மருந்து உருட்டுகிறவரும், திரி வைக்கிறவரும், விடியுமுன் ஆலைப் பேருந்தில் ஏறிவந்த சிறுமியும் கூட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். தொழிலின் இலாபம் ஒரு வட்டத்துக்குள் சுற்றியது. வெடியும் புகையும் இன்னொரு வட்டத்தின் மேல் விழுந்தன. அந்த இரண்டாம் வட்டத்துக்கு ஒரு பொதுநிதியை உண்டாக்கும் வழி உறவின்முறையிடம் இல்லை, சங்கங்களிடமும் இல்லை.

அதை உண்டாக்க முயன்றது நீதிமன்றம். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர்களுக்காகச் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1986-இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். பெரியவர் ஒருவருக்கு மாற்று வேலை தர முடியாத இடத்தில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அதிலிருந்து ஒரு மறுவாழ்வு நிதி. தீங்கு செய்தவர் செலுத்த வேண்டும் என்ற கொள்கையை இவ்வளவு தெளிவாக, தலைக்கு இவ்வளவு என்று, இந்த வட்டாரத்துக்கு எழுதித் தந்த முதல் ஆவணம் அதுதான் என்பேன். ஆனால் நிதிக்குப் பொறுப்பு யார்? மாவட்ட நிர்வாகம். 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் மாவட்டச் சங்கத்துக்கும் ஆட்சியர்தான் தலைவராக இருந்தார். ஆட்சியரை யாரும் இதற்காகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் பதவியால் வருகிறவர், மாற்றலில் போகிறவர். அக்கறையுள்ள ஆட்சியர்கள் பலர் வந்துபோனார்கள், சிறப்புப் பள்ளிகள் நடந்தன, ஆலைகளில் குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. அது பெரிய சாதனை. ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்க, குழந்தையை வேலைக்கு அனுப்பிய தாய்க்கு ஒரு கூட்டம் இருக்கவில்லை. மகமையில் செலுத்தியவர்கள் கேட்டார்கள். இங்கே கேட்கவேண்டியவர்கள் மனுதாரர்களாக நின்றார்கள்.

உலக அளவிலும் இதே சிக்கல்தான், இதைவிடப் பெரிய தொகைகளோடு. உலகச் சுற்றுச்சூழல் நிதியம் 1991-இல் உலக வங்கிக்குள்ளேயே 100 கோடி டாலர் முன்னோட்டத் திட்டமாகத் தொடங்கியது. வளரும் நாடுகளுக்கு அது உறுத்தியது. பணம் போட்டவர்களின் கட்டடத்துக்குள் பெட்டி, அவர்களுடைய வங்கியே அறங்காவலர். 1994-இல் அமைப்பு திருத்தப்பட்டது. 32 பேர் கொண்ட பேரவையில் 16 இடம் வளரும் நாடுகளுக்கு, 14 வளர்ந்த நாடுகளுக்கு, 2 பழைய சோவியத் அணி வட்டார நாடுகளுக்கு. கருத்தொற்றுமை இல்லாதபோது ஒரு முடிவு நிறைவேற, நாடுகளின் எண்ணிக்கையில் 60 விழுக்காடும், செலுத்திய தொகையின் கணக்கில் 60 விழுக்காடும் வேண்டும். செலுத்துகிறவருக்கும் பாதிக்கப்படுகிறவருக்கும் தனித்தனியே தடுக்கும் அதிகாரம் தந்த விதி இது. என் பார்வையில் அந்த நிதியத்தின் மிகச் சிறந்த பகுதி. ஆனால் தலைமை அலுவலரின் பெயரைப் பரிந்துரைக்கும் பொறுப்பைத் தொடக்க விதி உலக வங்கிக்கும் ஐ.நா.வின் இரண்டு அமைப்புகளுக்கும் கொடுத்தது. அந்த நிதியிலிருந்து பணம் பெற்றுத் திட்டம் நடத்துபவை அவையே. எகிப்தில் பிறந்த முகமது எல்-அஷ்ரி 2003 வரை இருந்தார். அடுத்து வந்த மூவரும் கனடா, பிரான்சு, ஜப்பான் நாட்டவர்கள். பணம் தருகிற நாடுகளின் வரிசை அது. 2020-இல்தான் கோஸ்டா ரிக்காவின் முன்னாள் அமைச்சர் கார்லோஸ் மனுவேல் ரொட்ரிகஸ் வந்தார்.

சிவகாசிக்கு மிக நெருக்கமான பாடம் வேறொரு நிதியத்தில் இருக்கிறது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயுக்களைக் கைவிடச் சொன்ன மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா உடனே கையெழுத்திடவில்லை. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு ஆகும் கூடுதல் செலவை யார் தருவது என்று கேட்டது. 1990-இல் லண்டன் கூட்டத்தில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இந்தியாவின் தரப்பில் அந்தக் கேள்வியை உரக்க எழுப்பினார். கூடுதல் செலவை ஏற்கும் பன்னாட்டு நிதியம் அந்தக் கூட்டத்தில் உருவானது. இந்தியா 1992-இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. அந்த நிதியத்தின் செயற்குழுவில் 14 இடம்: வளர்ந்த நாடுகளுக்கு ஏழு, வளரும் நாடுகளுக்கு ஏழு. தலைமை அலுவலர் அந்தச் செயற்குழுவுக்கே பதில் சொல்ல வேண்டியவர். நிதியத்தின் வேலை குறுகலானது: எந்த ஆலை, எந்த வாயு, மாற்ற எவ்வளவு செலவு. வேலை குறுகலாக இருந்ததும், இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்ததும், பொறுப்பாளர் கணக்கு வாசிக்க வேண்டிய இடம் தெளிவாக இருந்ததும் சேர்ந்துதான், இன்று உலகம் வெற்றி என்று தயங்காமல் சொல்லும் ஒரே பெரிய சுற்றுச்சூழல் உடன்படிக்கையாக மாண்ட்ரியல் உடன்படிக்கையை ஆக்கின.

சம இடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பவர்கள் பசுமைக் காலநிலை நிதியத்தைக் காட்டுவார்கள். 2010-இல் கான்கூனில் பிறந்த அந்த நிதியத்தின் வாரியத்தில் 12-க்கு 12 என்று சம இடம். இரு தரப்புக்கும் ஒவ்வோர் இணைத்தலைவர். முதல் நிர்வாக இயக்குநர் துனிசியாவின் ஹேலா ஷெய்க்ரூகூ 2016-இல் விலகினார். அடுத்து வந்த ஆஸ்திரேலியர் ஹோவர்ட் பாம்சி, 2018 ஜூலையில் சோங்டோவில் நடந்த வாரியக் கூட்டம் ஒரு திட்டத்தைக்கூட நிறைவேற்றாமல் கலைந்தபோது பதவி விலகினார். ஆகவே சமத்துவம் முட்டுக்கட்டையைத்தான் தரும் என்பது வாதம். ஆனால் முட்டுக்கட்டையின் காரணங்களை அருகே போய்ப் பார்க்க வேண்டும். 300 கோடி டாலர் தருவதாகச் சொன்ன அமெரிக்கா 100 கோடியோடு 2017-இல் நிறுத்திக்கொண்டது. கருத்தொற்றுமை வராதபோது வாக்கெடுக்கும் விதியும் அப்போது அந்த வாரியத்திடம் இல்லை. 2019-இல் அந்த விதி வந்த பிறகு இதேபோன்ற முழு முடக்கம் நிகழவில்லை. கருத்தொற்றுமையும் வாக்கெடுப்பும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதை விருதுநகர்க்காரர் ஒருவரே காட்டியிருக்கிறார். 1964-இல் நேரு மறைந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், கட்சியினரின் மனதை ஒவ்வொருவராகக் கேட்டறிந்து லால் பகதூர் சாஸ்திரியின் பெயரை அறிவித்தார். 1966-இல் ஒருமித்த கருத்து வராது என்று தெரிந்ததும் வாக்கெடுப்பு நடந்தது. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169. முதல் வழி அடைபட்டால் போக இரண்டாவது வழி திறந்திருந்தது. சோங்டோவில் இல்லாமல் போனது அந்த இரண்டாவது வழிதான்.

இன்னொரு மறுப்பு திறமை பற்றியது. மண்டிப் பணத்தை முறைக்காரர் மாறி மாறிப் பார்க்கலாம், பல நூறு கோடி டாலரை அப்படி விட முடியாது, அதற்கு நிபுணர் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். சுழல்முறையை அப்படியே எடுத்து உலக நிதியத்தில் வைக்கச் சொல்வது என் நோக்கமும் இல்லை. ஆனால் நிபுணர் எங்கிருந்து வர வேண்டும் என்று தீர்மானிப்பது, அவரை அமர்த்துகிறவர்கள் எதைத் திறமை என்று மதிக்கிறார்கள் என்பதுதான். ரொட்ரிகஸ் வந்த கோஸ்டா ரிக்கா, 1996-இன் வனச் சட்டத்தின்கீழ் எரிபொருள் மேல் வரி போட்டு, காட்டை அழிக்காமல் காக்கும் நில உடைமையாளர்களுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்த நாடு. ஒரு தொழிலின் மேல் வரி, அதிலிருந்து பொது நன்மை: மகமை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வங்கி நடத்திய அனுபவத்தை மட்டும் திறமையாகக் கணக்கிடும் குழுவின் கண்ணில் இந்த அனுபவம் பிந்தித்தான் படும். காலநிலை மாற்றத்தின் இழப்பு, சேதத்துக்கான புதிய நிதியத்தின் வாரியத்தில் 26 இடங்களில் 14 வளரும் நாடுகளுக்கு உரியவை. ஆப்பிரிக்க நாடுகளுக்கான பேரிடர் காப்பீட்டு அமைப்பை நடத்திய செனகல்காரர் இப்ராகிமா ஷேக் டியோங் 2024-இல் அதன் முதல் நிர்வாக இயக்குநராகத் தேர்வானது இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியது. இடங்களின் எண்ணிக்கை மாறும்போது தகுதியின் இலக்கணமும் மாறுகிறது.

இனி பட்டாசுப் பகுதிக்குத் திரும்பலாம். 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடைசெய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. பச்சை ஒளிக்கு மட்டும் பேரியம் நைட்ரேட் என்றில்லை. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குச்சக்கரம் ஆகியவற்றின் மருந்திலும் அது அடிப்படைச் சரக்கு. நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் புகையை 30 விழுக்காடு வரை குறைக்கும் கலவைகளை உருவாக்கித் தந்தது. டெல்லியில் மூச்சுத் திணறுகிற குழந்தைக்காக இந்த மாற்றம் தேவை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்று 1990-இல் லண்டனில் இந்தியா கேட்ட கேள்வியைச் சிவகாசிக்காக இந்தியாவுக்குள் யாரும் கேட்கவில்லை. புதிய கலவைக்கான ஒப்பந்தம், பரிசோதனை, உரிமம் எல்லாம் ஆலையின் தலையில் விழுந்தன. பெரிய ஆலை தாங்கியது. சிறிய ஆலையின் உற்பத்தி குறைந்தபோது கூலிக்காரரின் வேலை நாளும் குறைந்தது. விபத்தின் கதை இதைவிடத் துயரமானது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் கூலிக்கு வந்தவர்கள் கூட்டமாக மாண்டார்கள். அச்சங்குளத்துக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கெடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று இழப்பீடு விதித்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் வந்த 1991-இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகளின் காப்பீட்டுத் தவணையோடு சேர்த்துச் சுற்றுச்சூழல் நிவாரண நிதி ஒன்றையும் பின்னர் ஏற்படுத்தியது. அங்கும் நிவாரணத்தை நிர்ணயிப்பவர் ஆட்சியர்தான். கையெழுத்திடுகிறவர் மாறினாலும், கணக்குக் கேட்கும் கூட்டம் மட்டும் எந்த ஏற்பாட்டிலும் உருவாகவில்லை.

கணக்குக் கேட்கும் கூட்டத்தோடு ஒரு நிதி இந்தப் பகுதிக்கென்று வருமானால், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பெரிய ஆலையும் சிறிய ஆலையும் ஒருபக்கம் உட்கார, மருந்து அறையில் வேலை செய்கிறவர்களும் விபத்தில் ஆளை இழந்த வீட்டுப் பெண்களும் சம எண்ணிக்கையில் எதிரே உட்கார வேண்டும். ஒரு தரப்பின் தனி பலத்தால் எந்தப் பெயரும் நிறைவேறக் கூடாது. இழுபறி நீண்டால் வாக்கெடுக்க வழி இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, பங்குனிப் பொங்கலுக்கு ஊர் கூடுவதுபோல் எல்லோரும் கூடுமிடத்தில், கணக்கை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஆலைக்காரர்கள் இதற்கு ஒரே மறுப்பைத்தான் சொல்வார்கள்: பணம் எங்களுடையது, தலைவரை அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கலாம்? மகமையின் வரலாறே இதற்குப் பதில் தருகிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று மண்டிக்காரர் எடுத்துவைத்த தொகை சரக்கின் விலையில் ஏறியது. கடைசியில் அதைக் கொடுத்தவர் தொலைதூர ஊரில் பருப்பு வாங்கியவர். பட்டாசுப் பெட்டிக்கு இவ்வளவு என்று வைத்தாலும் அதைக் கொடுக்கப்போகிறவர் தீபாவளிக்கு முந்திய நாள் கடைக்கு வரும் தொலைதூர ஊர்க்காரரும் மதுரைக்காரரும்தான். ஆலை வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவே. அந்தப் பணம் எந்த ஆபத்தின் பேரில் வசூலாகிறதோ, அந்த ஆபத்தைத் தன் கையால் உருட்டுகிறவருக்கு அந்தப் பெட்டியின் மேல் உள்ள உரிமை, வசூலிக்கிறவருடைய உரிமையைவிட எந்த விதத்திலும் குறைந்ததல்ல.